புற்றுக்காளானின் வால்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் திசையில், கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூர்தான் என் அம்மிச்சியின் ஊர். ஐப்பசியில் இரண்டு நாள் இடி மழை பெய்து ஓய்ந்தால், மறுநாள் விடிவதற்குள் அவர் ஓலைக்கூடையையும் கூராகச் சீவிய ஒரு மூங்கில் குச்சியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிடுவார். வெள்வேல மரங்களுக்கு அடியிலும் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவிலும் மண்ணைப் பிளந்துகொண்டு நிற்கும் புற்றுக்காளானைத் தேடி நாங்கள், பேரப் பிள்ளைகள், அவர் பின்னால் ஓடுவோம். கண்ணில் பட்டதும் பிடுங்கத்தான் கை போகும். "வாலை அறுத்துறாத கண்ணு, நோண்டி எடு" என்று அவர் ஒவ்வொரு முறையும் தடுப்பார். குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, ஒரு சாண் ஆழம் வரை கையை விட்டு, தண்டுக்குக் கீழே வேர்போல் இறங்கும் அந்த நீண்ட வாலோடு காளானை முழுசாக வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவார். வால் இல்லாமல் வந்ததை "நாய்க்குடை" என்று சொல்லி வேலியோரம் வீசிவிடுவார்.

அந்த வால் சமையலுக்காக என்றே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணைக் கழுவித் தோலைச் சீவினால் அதுவும் கறிபோல் நாராக இருக்கும். வீணாக்கக் கூடாது என்பதற்காகத் தோண்டுகிறார் என்று எண்ணினேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான், 2014ஆம் ஆண்டு ஐப்பசியில், என் ஆறு வயது மகனை மருத்துவமனைக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

அப்போது நாங்கள் கோயம்புத்தூருக்கு வெளியே, தென்னந்தோப்பாக இருந்து மனைகளாகப் பிரிக்கப்பட்ட ஓர் இடத்தில் வீடு கட்டிக் குடியேறியிருந்தோம். நாலைந்து நாள் மழைக்குப் பிறகு, பக்கத்துக் காலிமனையின் புல்தரையில் வட்டமாகக் கோலம் போட்டதுபோல் பதினைந்து இருபது வெள்ளைக் காளான்கள் விரிந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு அகலம். வெள்ளைத் தொப்பியின் மேல் நடுவில் பழுப்புத் திட்டும், அதைச் சுற்றிச் சிதறிய பழுப்புச் செதில்களும் இருந்தன. மணமும் காளான் மணமாகவே இருந்தது. ஊரைவிட்டு வந்து பல வருடம் கழித்துக் காட்டுக்காளானைக் கண்ட மகிழ்ச்சியில், நான் வீட்டிலிருந்து கத்தியை எடுத்துவந்து தரையோடு தரையாக அறுத்து எடுத்தேன். நான் செய்த முதல் தவறு அந்தக் கத்திதான்.

சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காயும் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்து, இரவு எட்டரை மணிக்குச் சாப்பிட்டோம். பத்து மணிக்குக் கணவருக்கு வாந்தி தொடங்கியது. அடுத்த அரை மணி நேரத்தில் மகனுக்கும் எனக்கும் வயிற்றைப் பிசைந்துகொண்டு வாந்தியும் பேதியும் நிற்காமல் போயின. பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனையில் இருந்தோம். அங்கே மருத்துவர் கேட்ட முதல் இரண்டு கேள்விகள் இன்றும் என் காதில் நிற்கின்றன: "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு முதல் வாந்தி?"

அந்த இடைவெளியை அவர் ஏன் அவ்வளவு அழுத்திக் கேட்டார் என்பதைப் பிறகு விளக்கினார். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால், பெரும்பாலும் அது குடலைத் தாக்கும் நஞ்சு. துன்பம் கடுமையாக இருக்கும், குழந்தைகளுக்கு உடலில் நீர் வற்றி ஆபத்தாகவும் ஆகலாம், ஆனாலும் நீரும் உப்பும் ஈடுகட்டினால் மீண்டுவிடலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவுமே தெரியாமல் இருந்து, அதன் பிறகு வாந்தியும் பேதியும் தொடங்கினால்தான் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். கல்லீரலை அழிக்கும் அமாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் தாமதமாக வெளிப்படும். ஒரு நாள் வயிற்றைக் கலக்கி, அடுத்த நாள் சரியாகிவிட்டதுபோல் போக்குக் காட்டி, மூன்றாம் நாள், நான்காம் நாளில் கல்லீரலைச் செயலிழக்க வைக்கும். ஒரே கூடையில் இரண்டு வகைக் காளானும் கலந்து வந்திருக்கலாம் என்பதால், வாந்தி சீக்கிரமே வந்துவிட்டது என்று யாரும் நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. எங்களையும் கல்லீரல் பரிசோதனை முடியும் வரை வெளியே விடவில்லை. கணவரும் நானும் மறுநாளே எழுந்துவிட்டோம்; மகன் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தான்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். சமைத்தது போக மீதியிருந்த இரண்டு காளான்களை எவர்சில்வர் தட்டில் கவிழ்த்துச் சமையல் மேடையில் வைத்திருந்தேன். ஒன்றைத் தூக்கினேன். தட்டில் அதன் செவுள்களின், அதாவது தொப்பிக்கு அடியில் இருக்கும் மெல்லிய மடிப்புகளின் அச்சு, சக்கரத்தின் ஆரங்களைப்போல் வரிவரியாகப் பதிந்திருந்தது. அந்தத் தூளின் நிறம் பச்சை. பாசி காய்ந்து உதிர்ந்ததுபோன்ற, சாம்பல் கலந்த மங்கலான பச்சை. விரலால் தொட்டால் முகப்பூச்சு மாவைவிட மென்மையாக ஒட்டிக்கொண்டது. முந்தைய நாள் மாலை வெள்ளையாக இருந்த செவுள்களும் இப்போது அதே நிறம் ஏறிக் கிடந்தன.

காளானுக்கு விதைபோன்ற நுண்தூளான வித்துத்தூளைப் பச்சை நிறத்தில் உதிர்க்கும் பெரிய காளான் அநேகமாக அது ஒன்றுதான். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். வெப்பநாடுகள் எங்கும் புல்தரையிலும் தோப்பிலும் மைதானத்திலும் மழைக்குப் பின் வட்டம் வட்டமாக முளைக்கும் இக்காளானால் வயிற்றைக் கெடுத்துக்கொள்பவர்கள் நம் நாட்டிலும் அமெரிக்காவிலும் ஏராளம். பார்ப்பதற்கு அழகாக, கறிக்கு ஏற்றதாக, கை நிறையக் கிடைப்பதாக இருப்பதே அதன் ஆபத்து.

ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அப்போது எண்பதைத் தாண்டியிருந்த அம்மிச்சி வெகுநேரம் அழுதுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வால் இருந்துதா கண்ணு?"

இருபது வருடம் அவர் பின்னால் நடந்திருக்கிறேன்; அவர் எதைப் பார்த்தார் என்பதைப் பார்க்கவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் புற்றுக்காளானைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். அந்த வாலுக்கு ஒரு காரணம் இருப்பதும் புரிந்தது. நம் ஊர்க் கறையான்களில் ஒரு பிரிவு, தான் தின்னும் காய்ந்த புல்லையும் மரத்தையும் நேரடியாகச் செரிப்பதில்லை. அரைத்த சக்கையைக் கொண்டு புற்றுக்குள் கடற்பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையான ஓர் அடையைக் கட்டி, அதன் மேல் ஒரு பூஞ்சையைப் பயிர் செய்கிறது. பூஞ்சை அந்தச் சக்கையை மக்கச் செய்து கொடுக்க, கறையான் அதைத் தின்கிறது. அடையின் மேல் ரவை தெளித்ததுபோல் தெரியும் வெண்மணிகளும் பூஞ்சையின் பகுதிதான்; அவையும் கறையானுக்கு உணவு. மழை பெய்து மண் இளகும்போது அந்தப் பூஞ்சை மேல்நோக்கி வளர்ந்து பூப்பதே நாம் உண்ணும் காளான். பூமிக்கடியில் இருக்கும் அடையிலிருந்து தரைக்கு வருவதற்குள் அது ஒரு சாணோ ஒரு முழமோ மண்ணைத் துளைத்தாக வேண்டும். அதனால்தான் அதற்கு வால் இருக்கிறது; அதனால்தான் தொப்பியின் உச்சியில், மண்ணைக் குத்தித் திறப்பதற்கான கெட்டியான கூர்முனையும் இருக்கிறது. புல்தரையில் முளைக்கும் பச்சை வித்துக் காளானோ மேல்மண்ணில் மக்கும் புல்லைத் தின்று வாழ்வது. அது எதையும் துளைத்து வர வேண்டியதில்லை. ஆகவே அதன் தண்டு சற்றுப் பருத்த அடியோடு தரையிலேயே முடிந்துவிடுகிறது. தரையோடு அறுத்து எடுக்கிறவர், இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளத்தை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வருகிறார்.

கறையானும் காளானும் சேர்ந்தே இருப்பதைச் சங்கப் புலவர்களும் கண்டிருக்கிறார்கள். கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளான் பூத்திருப்பதை, வறுமைப்பட்ட அடுக்களையைக் காட்டுவதற்காக ஒரு பழைய பாட்டில் சொல்லியிருப்பார்கள். அதற்கு அன்று ஆம்பி என்றும் பெயர்.

படித்தவுடன் நான் இன்னொரு தவறு செய்தேன். பச்சை வித்துக் காளானின் தண்டில் ஒரு வளையம் உண்டு. வயது முதிர்ந்ததும் அதை விரலால் மேலும் கீழும் நகர்த்தலாம். ஆகவே வளையம் இருந்தால் நஞ்சு என்று நானாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து ஊரில் அம்மா ஒரு கூடை நிறையக் கொண்டுவந்த காளான்களின் தண்டில் வளையத்தைப் பார்த்ததும், அவர் சொல்லச் சொல்லக் கேளாமல் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். அவை முழு நீள வாலோடு வந்த நல்ல புற்றுக்காளான்கள். புற்றுக்காளான் வகைகளில் வளையம் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. வளையம் உள்ள ஒரு தென்னிந்திய இனத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979ஆம் ஆண்டு விவரித்து, இப்பேரினத்துக்கு 1942இல் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்ட பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைமின் நினைவாக, டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்று பெயர் வைத்திருக்கிறார். அதன் வளையம் தண்டோடு ஒட்டிக்கொண்டு தடிப்பாக இருக்கும், நகராது. ஒற்றை அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏற்பதும் தவறு, தள்ளுவதும் தவறு என்பதை அந்தக் கூடையை இழந்துதான் கற்றேன். தள்ளிய தவறால் உயிர் போகாது என்பதால் இரண்டில் அதுவே மேல்.

இப்போது நான் புற்றுக்காளான் என்று ஒன்றை ஏற்றுக்கொள்வதற்கு எல்லா அடையாளங்களும் ஒரே காளானில் சேர்ந்து வர வேண்டும். வால் அறுபடாமல், மண்ணுக்குள் குறுகிக்கொண்டே இறங்குவதாக இருக்க வேண்டும்; முடிந்தால் அதன் அடியில் அடையின் துணுக்கோ கறையானோ தெரிய வேண்டும். தொப்பியின் உச்சியில் விரலை வைத்தால் மொட்டுப்போன்ற கெட்டியான முனை தட்டுப்பட வேண்டும். செவுள்கள் தண்டை ஒட்டாமல் விலகியோ, மிக லேசாகத் தொட்டுக்கொண்டோ நிற்க வேண்டும். வித்துத்தூள் பாலேட்டில் துளி குங்குமம் கலந்ததுபோன்ற வெளிர் இளஞ்சிவப்பாக விழ வேண்டும். இளஞ்சிவப்பு என்பது மட்டும் போதாது. என்டலோமா என்றொரு பேரினத்தின் வித்துத்தூளும் இளஞ்சிவப்புதான், அதில் நஞ்சுள்ளவை பல. ஆனால் அவற்றின் செவுள்கள் தண்டோடு ஒட்டியிருக்கும், அடியில் புற்றின் அடைக்கு இறங்கும் வாலும் இருக்காது.

வித்துத்தூளைப் பார்ப்பது எளிது, பொறுமைதான் வேண்டும். நன்றாக விரிந்த ஒரு காளானின் தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒட்டிய தாளின் மேல், செவுள் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, காற்றுப் படாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுவதும் விட வேண்டும். வெளிர் நிறத்தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, கறுப்பில் தெரியும். கருந்தூள் வெள்ளையில் தெரியும். காளான் வாடிப்போகும் என்று பலர் இதற்குத் தயங்குகிறார்கள். ஒரே ஒரு தொப்பியைத்தான் அதற்குக் கொடுக்கிறோம். மற்றவற்றைத் துணியில் சுற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் மறுநாள் காலை சமைக்கலாம். விரியாத மொட்டுகள் தூள் உதிர்ப்பதில்லை. பச்சை வித்துக் காளானின் மொட்டிலும் செவுள்கள் பால்போல் வெள்ளையாகவே இருக்கும். ஆகவே மொட்டு எவ்வளவு இளசாக, சுவையாக இருக்கும் என்று தெரிந்தாலும், பக்கத்திலேயே விரிந்த காளான் இல்லாத இடத்தில் மொட்டுகளை மட்டும் நான் எடுப்பதில்லை.

புற்றின் மேல் முளைப்பதெல்லாம் புற்றுக்காளானும் அல்ல. வறண்ட காடுகளில் புற்றின் மேலேயே, விரியாத குடையைப்போல் நீண்டு நிற்கும் போடாக்சிஸ் என்ற காளானைக் காணலாம். ராஜஸ்தானில் அதை இளசாக, உள்ளே வெள்ளையாக இருக்கும்போது உண்கிறார்கள். முதிர்ந்தால் உள்ளே முழுவதும் கரும்பொடியாகிவிடும். எங்கள் பக்கம் அதைச் சாப்பிடும் பழக்கத்தை நான் பார்த்ததில்லை, நானும் தொடுவதில்லை.

அரிசிக்காளானைப் பற்றித்தான் என் அச்சம் அதிகம். விரல்நகம் அளவேயான வெள்ளைக் காளான்கள், நூற்றுக்கணக்கில், தரையில் அரிசியைக் கொட்டியதுபோல் பரவிக் கிடக்கும். கறையான்கள் அடையின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து மேல்மண்ணில் போட, அதிலிருந்து இது முளைப்பதால், இதற்கு ஆழமான வால் இருப்பதில்லை. அம்மிச்சியின் சோதனை இங்கே கைகொடுக்காது. உச்சியின் சிறு கூர்முனையும், இளஞ்சிவப்பு வித்துத்தூளும், கீழே சிதறிய பழுப்பு அடைத்துணுக்கும்தான் அடையாளங்கள். பட்ட மரத்தடியில் இதேபோல் கூட்டமாக முளைக்கும் சிறு காளான்களின் தொப்பி கோடு கோடாக மடிந்திருக்கும். அவற்றின் வித்துத்தூள் கருமையானது. நூற்றுக்கணக்கானவற்றை அள்ளும்போது, நடுவில் வேறு இனம் நான்கைந்து கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். மஸ்கரின் என்ற நஞ்சுள்ள சிறு காளான்களும் இந்த அளவில் உண்டு. அதனால் அரிசிக்காளானை நான் கையால் அள்ளுவதில்லை. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கும் பொறுமை உள்ள நாளில் மட்டும் எடுக்கிறேன்.

வைக்கோல் காளானில் தவறு நேர்ந்தால் உயிரே போகும். நம் களத்து வைக்கோல் போரில் முட்டைபோல் உறைக்குள்ளிருந்து வெடித்து வருவது நல்ல காளான். அதன் அடியில் கிண்ணம்போன்ற உறை மிஞ்சியிருக்கும், வளையம் இருக்காது, செவுள்களும் வித்துத்தூளும் இளஞ்சிவப்பு. அமானிட்டா என்ற பேரினத்தின் இனங்கள் பலவற்றுக்கும் அடியில் அதே கிண்ணம் உண்டு. ஆனால் கொடியவற்றில் தண்டில் வளையமும் உண்டு, செவுள்கள் வெள்ளை, தூளும் வெள்ளை, முளைப்பது பெரும்பாலும் மரத்தடியில். ஆசிய நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள், ஊரில் உண்டு பழகிய வைக்கோல் காளான் என்று எண்ணி, ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற கொல்லும் காளானைச் சமைத்துச் செத்திருக்கிறார்கள். கான்பெர்ராவில் 2011ஆம் ஆண்டின் கடைசி இரவு விருந்தில் அதை உண்டவர்களில் இருவர் சில நாட்களில் இறந்தனர். 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் காட்டுக்காளான் உண்ட 13 பேர் இறந்தபோது, அதில் குழந்தையும் இருந்ததைப் படித்துவிட்டு அன்று முழுவதும் என்னால் வேலை பார்க்க முடியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் அமானிட்டா பேரினத்துக் காளான்கள் இருக்கின்றன. நண்பர்களோடு மலைக்குப் போகிறவர்கள், சமவெளியில் கற்றதை நம்பி அங்கே ஒன்றையும் பறிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டிலும் சில நம்பிக்கைகள் இருந்தன. அன்று குழம்பில் நானும் மஞ்சள் போட்டேன், நிறம் மாறவில்லை. பூண்டு கறுக்கவில்லை. பறித்த காளானில் ஒன்றைப் பூச்சி அரித்திருந்ததைக் கண்டு, "பூச்சி தின்றது நல்ல காளான்" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். வெள்ளிக்காசைப் போட்டாலும் அது கறுத்திருக்காது. நத்தையும் புழுவும் நமக்கு நஞ்சானதைத் தின்று உயிரோடு இருக்கும். நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பதும், கொல்லும் காளான்களைப் பொறுத்தவரை முழுப் பொய். அமாடாக்சின் கொதிநீரில் அழிவதில்லை. மொத்தக் காளான்களுக்கும் பொதுவான சோதனை என்று உலகில் ஒன்றுமே கிடையாது. இந்த இனம்தான் இது என்று அடையாளம் தெரிந்தால் உண்ணலாம், தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டும். நடுவில் வேறு வழி இல்லை.

அடையாளம் உறுதியான பிறகும் சில பழக்கங்களை நான் விடுவதில்லை. முதிர்ந்து கசங்கியதைச் சமைப்பதில்லை, அரைவேக்காட்டில் இறக்குவதில்லை. ஓர் இனத்தை முதன்முறை சாப்பிடும்போது இரண்டு கரண்டிக்கு மேல் போவதில்லை, குழந்தைகளுக்கு அன்று கொடுப்பதில்லை. சமைக்காத காளானில் முழுசாக ஒன்றை, வாலோடு, காகிதத்தில் சுற்றி இரண்டு நாள் தனியே எடுத்து வைக்கிறேன். யாருக்காவது ஏதாவது ஆனால் மருத்துவர் கையில் கொடுக்க அது வேண்டும். பாலிதீன் பைக்குள் போட்டால் வியர்த்து அழுகி, அடையாளம் காண முடியாமல் போய்விடும். சந்தை ஓரத்தில் தொப்பியை மட்டும் அறுத்துக் கூறு கட்டி விற்பதை வாங்குவதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. விற்பவர் நேர்மையானவராகவே இருக்கலாம். வால் இல்லாத காளானில் நான் சரிபார்க்க எதுவும் இல்லை.

அம்மிச்சி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. சென்ற ஐப்பசியில் மகனை ஊருக்கு அழைத்துப் போயிருந்தேன். அந்தக் காளானுக்குப் பிறகு பல வருடம் எந்தக் காளானையும் தொடாமல் இருந்தவன், அவருடைய மூங்கில் குச்சி எரவாணத்தில் செருகியபடியே இருந்ததைத் தானாகவே உருவி எடுத்துக்கொண்டு என்னோடு கொறங்காட்டுக்குள் வந்தான். பழைய புற்றுக்குக் கிழக்கே ஒன்பது காளான்கள் நின்றன. மண்டியிட்டு ஒரு மணி நேரம் தோண்டினான். ஏழு, முழு வாலோடு வந்தன. மற்ற இரண்டின் வால், கல் தட்டி நடுவில் அறுந்துவிட்டது. அவையும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான், உச்சி முனையும் சரியாகவே இருந்தது, எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அவன் ஒன்றும் சொல்லாமல், அந்த இரண்டையும் வேலியோரம் வீசிவிட்டு வந்தான்.